என்றும் எழுதியிருக்கிறதே: வேதத்தை நம்புவதில் நான்கு வழிகள்

பக்கத்து வீட்டில் அம்மன் கொடைத் திருவிழா. விடிந்ததும் அந்த வீட்டு அக்கா ஒரு தூக்குவாளியில் அம்மனுக்குப் படைத்த சர்க்கரைப் பொங்கலோடு வாசலில் வந்து நிற்கிறார். வாங்குவதா, வேண்டாமா? எங்கள் சபைக்குக் கல்யாணமாகி வந்த ஒரு பெண் போன வருஷம் என்னிடம் இதைக் கேட்டாள். அதற்கு முன்பே இரண்டு பேரிடம் கேட்டிருந்தாள். ஒருவர் அப்போஸ்தலர் 15:29ஐக் காட்டி, விக்கிரகங்களுக்குப் படைத்ததற்கு விலகியிருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது, தொடாதே என்றார். இன்னொருவர் 1 கொரிந்தியர் 10ஐத் திறந்து, "ஒன்றையும் விசாரியாமல், உங்கள்முன் வைக்கப்பட்ட எதையும் புசியுங்கள்" என்றுதான் பவுல் சொல்லுகிறார், தாராளமாகச் சாப்பிடு என்றார். இரண்டு பேரும் வேதத்தை மதிக்கிறவர்கள். இரண்டும் வேதத்தில் இருக்கிற வார்த்தைகள்.

அவள் பொங்கலைப் பற்றித்தான் கேட்டாள். ஆனால் அதற்கு அடியில் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. இந்தப் புத்தகத்தை எப்படி நம்புவது? ஒவ்வொரு எழுத்தும் அப்படியே சட்டமா? சபை சொல்கிற விளக்கத்தின்படியா? இரட்சிப்புக்குத் தேவையானதை மட்டும் உறுதியாகப் பிடித்துக்கொண்டால் போதுமா? அல்லது அந்தக் காலத்து மனிதர்களின் விசுவாசச் சாட்சி என்று வாசிப்பதா? ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கிறவன் என்பதால் இந்தக் கேள்வி பல உருவத்தில் என்னிடம் வருகிறது. இந்த நான்கு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

நம்ம பக்கத்தில் இது மற்ற ஊர்களைவிடக் கூடுதலாகவே உறைக்கும். திருநெல்வேலிச் சீமைக் கிராமங்களில் சர்ச்சுக்கு வேதக்கோயில் என்று பெயர். கிறிஸ்தவனுக்கு வேதக்காரன் என்று பெயர். கிறிஸ்தவனாவதை "வேதத்தில் சேர்ந்தான்" என்பார்கள். புத்தகத்தின் பெயரே விசுவாசத்தின் பெயராக நிற்கிற மண் இது. புத்தகத்தைப் பற்றி ஒரு சந்தேகம் வந்தால் அஸ்திவாரமே ஆடுவதுபோல வீட்டில் எல்லாருக்கும் பதறுகிறது. அதனால்தான் கேட்க வேண்டியதைக் கேட்காமலே பல பிள்ளைகள் வளர்கிறார்கள், அப்புறம் ஒருநாள் கோயிலுக்கு வருவதையே விட்டுவிடுகிறார்கள்.

## முதலில் மூன்று சொற்களைப் பிரிப்போம்

"வேதம் தேவனுடைய வார்த்தை" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் மூன்று தனித்தனி நம்பிக்கைகள் இருக்கின்றன. இந்த எழுத்துக்குப் பின்னால் தேவ ஆவியானவர் இருந்தார் என்பது ஒன்று, அது ஏவுதல். இது சொல்வதற்கு நான் கட்டுப்பட்டவன் என்பது இரண்டாவது, அது அதிகாரம். இதில் எழுதியிருப்பது அத்தனையும் எழுதியிருக்கிற விதத்திலேயே நடந்தது என்பது மூன்றாவது; அது எழுத்தின்படியான உண்மை. முதலாவதை ஒப்புக்கொண்டவன் மூன்றாவதையும் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்பதுபோலப் பல பிரசங்கங்கள் போகின்றன. வேதமே அப்படிச் சொல்கிறதா என்று பாருங்கள்.

"வேதவாக்கியங்களெல்லாம் தேவஆவியினால் அருளப்பட்டிருக்கிறது" என்ற 2 தீமோத்தேயு 3:16 நம் எல்லாருக்கும் மனப்பாடம். எதற்காக அருளப்பட்டது என்பதும் அங்கேயே இருக்கிறது: உபதேசத்துக்கு, கடிந்துகொள்ளுதலுக்கு, சீர்திருத்தலுக்கு, நீதியைப் படிப்பிப்பதற்கு. அடுத்த அதிகாரத்துக்குப் போனால், துரோவா பட்டணத்தில் கார்ப்பு என்பவனிடம் விட்டு வந்த மேலங்கியை எடுத்து வரும்படி பவுல் தீமோத்தேயுவிடம் கேட்கிறார். குளிருக்கு ஒரு மேலங்கி கேட்கிற வயதான மனிதர்தான் அந்த நிருபத்தை எழுதுகிறார். கொரிந்தியருக்கு எழுதும்போது, ஸ்தேவானுடைய வீட்டாருக்கு ஞானஸ்நானம் கொடுத்தேன், வேறு யாருக்காவது கொடுத்தேனோ இல்லையோ "அறியேன்" என்கிறார். லூக்கா தன் சுவிசேஷத்தின் தொடக்கத்திலேயே, எல்லாவற்றையும் திட்டமாய் விசாரித்து அறிந்து எழுதுவதாகச் சொல்லுகிறார். ஆவியானவர் மேலிருந்து சொல்லச் சொல்ல எழுதினவருக்கு விசாரணை எதற்கு? அந்த "அறியேன்" எங்கிருந்து வந்தது? ஏவுதல் உண்மை என்று நான் முழு மனதாக நம்புகிறேன். ஆனால் அது மனிதனின் ஞாபகத்தையும் குளிரையும் அழித்துவிட்டு வந்த ஏவுதல் அல்ல, அவற்றின் வழியாக வந்த ஏவுதல்.

## எதை வைத்து எடை போடுவது

நான் ஐந்து அளவுகோல்கள் வைத்திருக்கிறேன். வேதம் தன்னைப்பற்றிச் சொல்வதோடு அந்த வழி ஒத்துப்போகிறதா? துக்க வீட்டிலும் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அது தாங்குமா? பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளை கொண்டுவரும் கேள்விக்கு முகம் கொடுக்குமா? கிரேக்கம், எபிரெயம் தெரியாத ஒரு ஆச்சி தன் தமிழ் வேதாகமத்தோடு அந்த வழியில் நடக்க முடியுமா? கடைசியாக, அது என்னைக் கடிந்துகொள்ளுமா, அல்லது அடுத்தவர்களை மட்டுமா? ஐந்திலும் இந்தக் கடைசியைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அதிகாரம் என்பதற்கு அர்த்தமே அதுதான்.

## முதல் வழி: எழுத்தின்படி, பிழையே இல்லாமல்

எங்கள் பக்கத்துப் பிரசங்க மேடைகளில் அதிகம் கேட்பது இதுதான். இதன் கவனமான வடிவம் ஒன்று உண்டு. 1978ல் சிகாகோவில் சுவிசேஷ சபைத் தலைவர்கள் கூடி வெளியிட்ட அறிக்கை அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வேதத்தில் பிழை இல்லை என்று அது உறுதியாகச் சொல்லுகிறது. கூடவே, கவிதையைக் கவிதையாகவும் உருவகத்தை உருவகமாகவும் வாசிக்க வேண்டும் என்றும், பிழையின்மை முதன்முதலில் எழுதப்பட்ட மூலக் கையெழுத்துப் பிரதிகளைப் பற்றியது என்றும் சொல்லுகிறது. ஊர்க் கூட்டங்களுக்கு வந்து சேரும்போது இந்த இரண்டு கவனங்களும் வழியிலேயே உதிர்ந்துவிடுகின்றன. "எழுதியிருக்கிறது, அவ்வளவுதான்" என்பது மட்டும் மிஞ்சுகிறது.

இந்த வழியின் பலத்தை யாரும் லேசாகப் பேசக்கூடாது. 1799ல் முதலூர் என்ற கிராமம் எப்படி உண்டானது? தங்கள் ஊர்களில் துன்பப்பட்ட புது விசுவாசிகள் ஒதுங்கி வாழ உண்டாக்கிய இடம் அது. வீட்டையும் சொந்தத்தையும் விட்டுவந்த அந்த ஜனங்களுக்கு "ஒருவேளை இது உருவகமாக இருக்கலாம்" என்ற பேச்சு எதற்கு உதவியிருக்கும்? வாக்குத்தத்தத்தை எழுத்தின்படி நம்பித்தான் அவர்கள் நின்றார்கள்.

நாசரேத்துக்குப் பக்கத்துப் பிரகாசபுரத்தையும் சொல்ல வேண்டும். 1857ல் சட்டாம்பிள்ளை என்று அறியப்பட்ட அருமைநாயகம், மிஷனெரிகளோடு முரண்பட்டுப் பிரிந்து இந்துக் கிறிஸ்தவ சபையைத் தொடங்கினார். ஓய்வுநாள் ஏழாம் நாள் என்றுதானே எழுதியிருக்கிறது என்று சனிக்கிழமை ஆராதனை வைத்தார். பழைய ஏற்பாட்டு முறைமைகள் பலவற்றையும் கைக்கொண்டார். அவருடைய முடிவுகள் எல்லாம் எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனாலும் அங்கே நடந்தது என்ன என்று பாருங்கள். வெள்ளைக்காரர் கையில் கொடுத்த புத்தகத்தையே திறந்து, "உங்கள் வழக்கம் இதில் எங்கே இருக்கிறது?" என்று ஒரு தமிழர் கேட்டார். எழுத்தைப் பிடித்துக்கொள்ளும்போது எளியவனுக்கு அப்படி ஒரு தைரியம் வருகிறது. அதிகாரம் குருவானவரிடம் இல்லை, மிஷனிடம் இல்லை, கையில் இருக்கிற வேதத்தில் இருக்கிறது. கிராமத்தில் கோயிலும் பள்ளிக்கூடமும் ஒரே கூரையின்கீழ் நடந்ததும், எங்கள் பாட்டிமார் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டதும் இந்த நம்பிக்கையால்தான்.

இனி இதன் மறைமுக விலை.

முதல் விலையை என் வீட்டிலேயே கொடுத்தோம். என் பெரியம்மாவுக்குச் சர்க்கரை. ஒரு ஜெபக்கூட்டத்தில் மாற்கு 16:18ஐ வாசித்து, வியாதியஸ்தர்மேல் கைகளை வைப்பார்கள், சொஸ்தமாவார்கள் என்று எழுதியிருக்கும்போது மாத்திரை அவிசுவாசம் என்று ஒருவர் சொன்னார். பெரியம்மா மாத்திரையை நிறுத்தினார்கள். எங்களிடம் சொல்லவில்லை. காலில் புண் வந்து, ஆறாமல், இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகும் அவர்கள் வருந்தியது விரல்களுக்காக அல்ல. "எனக்கு விசுவாசம் பத்தவில்லை" என்றுதான் அழுதார்கள். அந்த அழுகையை நினைக்கும்போது இன்றும் எனக்கு மனது கொதிக்கிறது. அதே வசனத்தில்தான் சர்ப்பங்களை எடுப்பார்கள் என்றும், சாவுக்கேதுவானதைக் குடித்தாலும் சேதப்படுத்தாது என்றும் இருக்கிறது. அந்தப் பாதியை யாரும் செய்து காட்டுவதில்லை. மாற்கு 16:9 முதல் 20 வரையுள்ள பகுதி, நமக்குக் கிடைத்திருக்கிற மிகப் பழைய முழுக் கிரேக்கப் பிரதிகள் இரண்டிலும் இல்லை என்பதும் பெரியம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள்ளச் சொன்னவர் பவுல். அவருடன் கடைசிவரை இருந்தவர் "பிரியமான வைத்தியனாகிய" லூக்கா. தோனாவூரில் ஊழியம் செய்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931ல் விழுந்து அடிபட்டு, 1951ல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்தார். ஜெபிக்கத் தெரியாத ஊரா தோனாவூர்? அங்கேதான் ஆஸ்பத்திரியும் கட்டினார்கள்.

இரண்டாவது விலை பிள்ளைகளின் தலையில் விழுகிறது. 1650ல் அயர்லாந்துப் பேராயர் அஷர் ஆதியாகமத்து வயதுகளைக் கூட்டி, உலகம் கி.மு. 4004ல் படைக்கப்பட்டது என்று கணக்குச் சொன்னார். அந்த ஆண்டுகள் பிற்பாடு ஆங்கில வேதாகமங்களின் ஓரத்தில் அச்சாகி, வேதத்தின் பகுதிபோலவே ஆகிவிட்டன. அந்தக் கணக்கில் ஜலப்பிரளயம் கி.மு. 2348. நம் சிவகளை அகழாய்வில் கிடைத்த இரும்பு கி.மு. 3345 வரை போகிறது என்று தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிக்கை வெளியிட்டது. பிரளயத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் வருஷம் முன்னே. ஆதிச்சநல்லூருக்கும் சிவகளைக்கும் பஸ்ஸில் போய்த் தாழிகளைப் பார்த்துவிட்டு வருகிற பிளஸ் டூ பையன், "சார், வெள்ளம் உலகம் முழுக்க வந்ததா?" என்று கேட்கத்தான் செய்வான். "கேள்வி கேட்காதே, விசுவாசி" என்றால் அவன் வாயை மூடிக்கொள்வான், அவ்வளவுதான். உண்மையில் அவனைத் தடுப்பது வேதம் அல்ல, அஷரின் கூட்டல் கணக்கு. ஆதியாகமத்தில் வெளிச்சம் முதல் நாளில் வருகிறது, சூரியன் நாலாம் நாளில்தான் வருகிறது. இதை எழுதினவருக்குச் சூரியன் இல்லாமல் பகல் இல்லை என்பது தெரியாதா? 430ல் மறைந்த சபைப் பிதா அகுஸ்தீன், இந்த நாட்கள் நாம் அறிந்த நாட்கள்தானா என்று அப்போதே தயங்கினார். இயற்கையைப் பற்றித் தெரியாததை வேதத்தின் பெயரால் பேசி வேதத்தைப் பரிகாசத்துக்கு உள்ளாக்காதீர்கள் என்று கிறிஸ்தவர்களை எச்சரிக்கவும் செய்தார்.

மூன்றாவது விலை, எந்த எழுத்து என்பது. மூலக் கையெழுத்து ஒன்றுகூட இன்று உலகில் இல்லை. நம் கையில் இருப்பது பவர் ஐயர் தலைமையில் திருத்தி 1871ல் முழுமையான மொழிபெயர்ப்பு. அந்தக் குழுவில் இடையன்குடி கால்டுவெல் ஐயரும் இருந்தார். அதில் தேவன். அதற்கு முந்தின பப்ரிசியஸ் மொழிபெயர்ப்பில் பராபரன். 1995ல் வந்த பொது மொழிபெயர்ப்பில் கடவுள். பாளையங்கோட்டையில் இருந்து ஊழியம் செய்த ரேனியஸ் ஐயர், சொல்லுக்குச் சொல் வைப்பதைவிடத் தமிழனுக்குப் பொருள் விளங்குவதே முக்கியம் என்று எண்ணித்தான் புதிய ஏற்பாட்டைத் திருத்தினார். அது 1833ல் வெளிவந்தது. 1 யோவான் 5:7ஐ எடுத்துப் பாருங்கள். பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர் என்ற வாக்கியம் நம் பழைய வேதாகமத்தில் இருக்கிறது, பழைய கிரேக்கப் பிரதிகளில் இல்லை. திரித்துவத்தை நான் நம்புகிறேன், அதற்கு இந்த ஒரு வாக்கியம் தேவையில்லை. ஆனால் "ஒரு எழுத்தும் மாறாது" என்று கற்றுக்கொடுக்கப்பட்ட பிள்ளை இதை இணையத்தில் பார்க்கும்போது மொத்தத்தையும் உதறிவிடுகிறது.

நான்காவது விலைதான் எனக்கு மிகவும் வலிக்கிறது. எழுத்தின்படி வாசிக்கிறோம் என்கிற நாம் எந்த எழுத்தை? அப்போஸ்தலர் 15:29ல் படையலுக்கு அடுத்து இரத்தம் என்று இருக்கிறது. படையலைத் தொடாத வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டு ரத்தப் பொரியல் நடக்கிறது. பணத்தை வட்டிக்குக் கொடாதவனே கர்த்தருடைய கூடாரத்தில் தங்குவான் என்கிறது சங்கீதம் 15. வட்டிக்குக் கொடுத்து வாங்குகிற நாம் அதை அடிக்கோடிடுவதில்லை. "சபைகளில் உங்கள் ஸ்திரீகள் பேசாமலிருக்கக்கடவர்கள்" என்ற 1 கொரிந்தியர் 14:34 எல்லாருக்கும் தெரியும். அதே நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தில் பெண்கள் சபையில் ஜெபம்பண்ணுவதையும் தீர்க்கதரிசனம் சொல்லுவதையும் பவுல் சாதாரணமாக எடுத்துக்கொண்டு பேசுவது யாருக்கும் தெரிவதில்லை. கல்யாணப் பேச்சு வந்தால் "கிறிஸ்து இயேசுவுக்குள் ஒன்றாயிருக்கிறீர்கள்" என்ற கலாத்தியர் 3:28 எங்கே போகிறது? சாதிக்குள்ளேயே பெண் எடுக்க, அந்நிய ஜாதி மனைவிகளைத் தள்ளச் சொன்ன எஸ்றா புத்தகத்தைச் சாட்சிக்கு அழைக்கிறவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். எழுத்து முழுவதையும் பிடிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, நமக்கு வலிக்காத எழுத்தை மட்டும் பிடிக்கிறோம்.

## இரண்டாம் வழி: சபையின் கையைப் பிடித்துக்கொண்டு

மணப்பாட்டிலிருந்து தூத்துக்குடி வரை கடற்கரை முழுக்க இருக்கிற கத்தோலிக்கச் சகோதரர்களின் வழி இது. சவேரியார் வந்தது 1542ல். அச்சடித்த தமிழ் வேதாகமம் வருவதற்கு ஏறத்தாழ நூற்றெழுபது வருஷம் முன்னே அங்கே விசுவாசம் வந்துவிட்டது. புத்தகத்துக்கு முன்னே சபை இருந்தது என்பது அவர்களுக்குப் பாடமாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. புதிய ஏற்பாட்டின் 27 புத்தகங்களும் இவைதான் என்ற பட்டியலை அப்படியே நாம் முதலில் காண்பது 367ல் அலெக்சாந்திரியா பேராயர் அத்தனாசியுஸ் எழுதிய கடிதத்தில். இந்தப் பட்டியலை இனங்கண்டது சபைதானே என்று அவர்கள் கேட்கும்போது நம்மிடம் சுலபமான பதில் இல்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ல், நம் மீட்புக்காகக் கடவுள் எழுதச் செய்த உண்மையை வேதம் பிழையின்றிக் கற்பிக்கிறது என்றது. "மீட்புக்காக" என்ற சொல்லை அங்கே வைத்ததால் விஞ்ஞானத்தோடு மல்லுக்கு நிற்க வேண்டிய அவசியம் குறைந்தது.

இதன் விலை, சபையே தவறும்போது தெரியும். சூரியன் தரித்து நின்றது என்ற யோசுவாவின் வசனம், பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்ன விஞ்ஞானி கலிலேயோவுக்கு எதிராக நின்றது. 1633ல் அவரைத் தண்டித்தார்கள். தவறு நேர்ந்ததை ரோமாபுரி வெளிப்படையாக ஒப்புக்கொண்டது 1992ல். சட்டாம்பிள்ளை கேட்டதுபோல "இது எங்கே எழுதியிருக்கிறது?" என்று கேட்க இந்த வழியில் இடம் குறைவு. ஆனால் ஒவ்வொரு மேடையிலும் ஒரு புது விளக்கம் கேட்டுக் களைத்துப்போனவருக்கும், தனியாக வாசித்து ஒரே வசனத்தில் சிக்கிப் பயந்துகொண்டிருக்கிறவருக்கும், பல தலைமுறை விசுவாசிகள் கூட நின்று வாசிப்பதே பெரிய ஆறுதல்.

## மூன்றாம் வழி: இரட்சிப்புக்கு வேண்டியதெல்லாம் இதில் உண்டு

தென்னிந்தியத் திருச்சபையில் இருக்கிற பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. 1947 செப்டம்பர் 27ல் உருவான இந்தச் சபையின் அமைப்புச் சட்டம், இரட்சிப்புக்குத் தேவையான எல்லாவற்றையும் வேதம் அடக்கியிருக்கிறது என்றும், விசுவாசத்துக்கு அதுவே மேலான, தீர்மானமான அளவுகோல் என்றும் சொல்லுகிறது. முதல் பாதி, ஆங்கிலிக்கன் சபையின் 39 விதிகளில் ஆறாவதிலிருந்து வருகிறது. ஆறு நாள் படைப்பை எழுத்தின்படி நம்பினால்தான் உறுப்பினர் என்று அதில் இல்லை. அதிகாரத்தில் ஒரு அடியும் இறங்காமல், எழுத்தின்படியான உண்மையைத் தனியே வைக்கிற வழி இது.

இதற்கு ஆதாரம் ஆண்டவரிடமே இருக்கிறது என்பது என் உறுதி. மத்தேயு 4ல் பிசாசானவன் அவரைத் தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, தாழக் குதியும், தம்முடைய தூதர்களுக்குக் கட்டளையிடுவார் என்று எழுதியிருக்கிறதே என்கிறான். 91ஆம் சங்கீதம். வசனம் சரியான வசனம். எழுத்தின்படி வாசித்தால் குதித்திருக்க வேண்டும். இயேசு, அந்த வசனம் பொய் என்று சொல்லவில்லை. அது வெறும் கவிதை என்றும் சொல்லவில்லை. உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக "என்றும் எழுதியிருக்கிறதே" என்றார். நம் தமிழ் வேதாகமத்தில் அந்த "என்றும்" என்ற சொல்லில் இருக்கிற "உம்"மை நான் பல வருஷமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வசனத்தை இன்னொரு வசனத்தோடு சேர்த்து, மொத்தமும் எந்தப் பக்கம் கை காட்டுகிறது என்று பார்த்து வாசிப்பது அது. மனைவியை விலக்கும் தள்ளுதற்சீட்டைப் பற்றி அவரிடம் கேட்டபோதும் அப்படித்தான்: மோசே இடங்கொடுத்தது உங்கள் இருதயகடினத்தினிமித்தம், "ஆதிமுதலாய் அப்படியிருக்கவில்லை" என்றார். வேதத்துக்குள்ளேயே எது ஆதி, எது இடங்கொடுத்தது என்று அவர் தரம் பிரித்தார். பெரியம்மாவிடம் யாராவது ஒருவர் "லூக்கா வைத்தியன் என்றும் எழுதியிருக்கிறதே" என்று சொல்லியிருந்தால் போதும்.

இந்த வழிக்கும் விலை உண்டு. எது இரட்சிப்புக்குத் தேவை, எது இல்லை என்று யார் பிரிப்பது? சோம்பேறிக்கு இது ரொம்ப வசதி. தனக்குக் கஷ்டமான கட்டளையை "அது அந்தக் காலத்துக்கு" என்று ஒதுக்கிவிடலாம். எதிரியைச் சிநேகிப்பது இந்தக் காலத்துக்கும் கஷ்டம்தான், அதை அப்படி ஒதுக்க முடியாது. அப்புறம், இதற்கு உழைப்பு வேண்டும். ஒரு வசனத்தை எடுத்தவுடன் முடிவு சொல்ல முடியாது, அதிகாரம் முழுக்க வாசிக்க வேண்டும். இறையியல் கல்லூரியில் இதைக் கற்றுக்கொண்டு வருகிற இளம் குருமார் சேகரத்துக்கு வந்தபின் வாய் திறப்பதில்லை. சபை தாங்காது என்று பயப்படுகிறார்கள். தாங்கும் ஐயா. அசனத்தில் ஆயிரம் பேருக்குச் சமைக்கிற சபை இதையும் தாங்கும்.

## நான்காம் வழி: சரித்திர ஆராய்ச்சியின் கண்ணாடி

வேதத்தை அந்தந்தக் காலத்து ஜனங்களின் விசுவாசச் சாட்சியாக மட்டும் வாசிக்கிற வழி. யார், எப்போது, யாருக்கு எழுதினார்கள் என்று முதலில் கேட்கும். தாவீது ஜனங்களை எண்ணினது கர்த்தர் ஏவினதால் என்று 2 சாமுவேல் 24 சொல்லுகிறது. சாத்தான் ஏவினதால் என்று 1 நாளாகமம் 21 சொல்லுகிறது. பிற்காலத்தில் எழுதினவர் தேவனைப் பற்றி இன்னும் நிதானமாக யோசித்திருக்கிறார் என்று இந்த வழி விளக்கும். யூதாஸின் மரணம் மத்தேயுவிலும் அப்போஸ்தலரிலும் வேறு வேறாக இருப்பதற்கு வலிந்து முடிச்சுப்போட வேண்டியதில்லை. "உன் குழந்தைகளைப் பிடித்து, கல்லின்மேல் மோதியடிக்கிறவன் பாக்கியவான்" என்ற 137ஆம் சங்கீதத்தைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்று தவித்த எனக்கு, சிறைப்பட்டு ஊரை இழந்தவர்களின் கதறல் அது, கட்டளை அல்ல என்று இந்த வழிதான் காட்டிக்கொடுத்தது.

கருவியாக நல்லது. வீடாகக் குடியிருக்க முடியாது. சாகக் கிடக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, இந்தச் சங்கீதம் எந்த நூற்றாண்டில் தொகுக்கப்பட்டது என்று சொல்ல முடியுமா? சாட்சி மட்டும்தான் என்றால் அது என்னைக் கடிந்துகொள்ள முடியாது, நான்தான் அதைத் திருத்திக்கொண்டிருப்பேன். ஆச்சியால் இந்த வழியில் தனியாக நடக்கவும் முடியாது.

## பக்கத்தில் பக்கத்தில்

| | எழுத்தின்படி | சபையோடு | இரட்சிப்புக்கு வேண்டியது | ஆராய்ச்சி |
|---|---|---|---|---|
| வேதம் தன்னைப்பற்றிச் சொல்வதோடு | பாதி ஒத்துப்போகும் | பெரும்பாலும் | நன்றாக | மனித பக்கம் மட்டும் |
| துக்க வீட்டில் | மிகப் பெரிய பலம் | பலம் | பலம் | கைவிடும் |
| பிள்ளையின் கேள்விக்கு | திணறும் | சமாளிக்கும் | முகம் கொடுக்கும் | நன்றாகக் கொடுக்கும் |
| ஆச்சி தனியாக நடக்க | சுலபம் | துணை வேண்டும் | கொஞ்சம் பழக வேண்டும் | முடியாது |
| என்னைக் கடிந்துகொள்ள | நேர்மையாக வாசித்தால் | சபை சரியாக இருந்தால் | சோம்பல் இல்லாவிட்டால் | அரிது |
| மறைமுக விலை | மருந்தை நிறுத்துவது, பிள்ளைகள் விலகுவது | சபை தவறினால் கேட்க முடியாது | வசதிக்கு ஒதுக்குவது | ஜெபம் வற்றுவது |

## யாருக்கு எப்போது எது

குடியை விட்டுவிட்டு நேற்று சபைக்கு வந்தவருக்கு, எழுத்தை அப்படியே பிடித்துக்கொள்ளச் சொல்வேன். அவருக்குத் தேவை நேரான கட்டளை. சாவு வீட்டில் 23ஆம் சங்கீதத்தை வாசித்துவிட்டு வாயை மூடிக்கொள்வேன். பெரியவர்கள் ஒரு எளியவனை மிரட்டும்போதும் எழுத்துதான் அவனுக்கு ஆயுதம். கண்ட கண்ட போதனைகளைக் கேட்டுக் குழம்பிப்போன வீட்டுக்கு, கொஞ்ச காலம் சபையின் பாடத்திட்டத்தோடும் திருவிருந்தோடும் ஒட்டியிருக்கச் சொல்வேன். கேள்வியோடு வருகிற மாணவனுக்கு ஆராய்ச்சியின் கண்ணாடியைக் கொடுப்பேன், அவன் கூட உட்கார்ந்து. மருந்து, கல்யாணம், பெண்களின் ஊழியம், சாதி, அண்டை வீடு என்று ஒரு முடிவு எடுத்து அதோடு வாழ வேண்டிய எல்லாவற்றிலும் மூன்றாம் வழியைத்தான் பரிந்துரைப்பேன்.

ஒரு எச்சரிக்கை. வழியை மாற்றுகிறவர்கள் வீட்டில் பெரியவர்களோடு சண்டை போட்டு மாற்றாதீர்கள். ஆச்சி எழுத்தின்படி நம்புவது அவர்களைத் தாங்கியிருக்கிறது, அவர்கள் ஜெபம் உங்களைத் தாங்கியிருக்கிறது. மாத்திரையை நிறுத்தினால் மட்டும் சும்மா இருக்காதீர்கள்.

அந்தப் பெண்ணோடு 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரை ஒரே அமர்வில் வாசித்தேன். எதையும் விசாரியாமல் புசியுங்கள் என்ற வசனத்துக்கு அடுத்த வசனத்தில், படைக்கப்பட்டது என்று ஒருவன் சொன்னால் அவனிமித்தம் புசியாதிருங்கள் என்றும் எழுதியிருக்கிறது. பவுலுக்கு முக்கியம் சாப்பாடு அல்ல, எதிரே நிற்கிற ஆளின் மனச்சாட்சி. அவள் மாமியாருக்குப் படையல் என்றால் மனது தாங்காது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு வாளி திரும்பிப் போனால் மனது தாங்காது. இரண்டு பேரையும் அவள் யோசித்தாள். இந்த வருஷம் கொடைக்கு அந்த அக்கா வந்தபோது, "அக்கா, படையல் மட்டும் வேண்டாம்க்கா. மத்தியானம் உங்க வீட்டுச் சாப்பாட்டுக்கு வாரேன்" என்று சொல்லி, மாமியாரையும் கூட்டிக்கொண்டு போய் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு அந்த வீட்டுக்கு ஒரு தூக்குவாளி நிறைய முந்திரிக்கொத்து போயிற்று.